மூவாயிரம் மீட்டர் போய் வந்த டம்ளர்

எங்கள் வீட்டு ஷோகேஸில், கொலுவில் மிஞ்சிய செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளை டம்ளர் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சொப்புச் சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். கையில் எடுத்தால்தான் சந்தேகம் வரும். கல்லுமாதிரி கெட்டியாக இருக்கும். மேலே நீல மையில் ‘மதுரை’ என்று பொடிப்பொடியாக எழுதியிருக்கும். இவ்வளவு சின்னதாக எப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்கள். நான் சின்னதாக எழுதவில்லை. கல்யாண வீட்டில் காபி கொடுக்கும் சாதாரண தெர்மாகோல் டம்ளரில், பட்டை மார்க்கரால், பெரிதாகத்தான் எழுதினேன். அரபிக்கடலில் 3,000 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்பியபோது இப்படி ஆகியிருந்தது.

2017-இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டதிலிருந்து, மதுரைக்காரன் தெர்மாகோல் என்று வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 3,000 மீட்டரில் ஏறத்தாழ 300 மடங்கு. தெர்மாகோல் பெரும்பாலும் காற்றுதான். அத்தனை அழுத்தத்தில் அந்தக் காற்று இருந்த இடமெல்லாம் நசுங்கிப்போய், மேலே வந்த பிறகும் பழைய உருவம் திரும்புவதில்லை. உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கப்பல்களில் போகிறவர்கள் இந்த விளையாட்டை விளையாடுவார்கள். சமையலறையில் வாங்கிய வெங்காய வலைப்பையில் ஏழெட்டு டம்ளரைப் போட்டு, கருவியின் சட்டத்தில் கட்டி இறக்கிவிடுவோம். மற்றவர்கள் காதலி பெயரும் பிள்ளை பெயரும் எழுதினார்கள். எனக்கு அப்போது இரண்டும் இல்லை, ஊர் பெயரை எழுதினேன்.

அந்த டம்ளர் இரண்டரை மணி நேரம் இருட்டுக்குள் போய் வந்திருக்கிறது. எத்தனை உயிர்களைக் கடந்து போயிருக்கும்? எது அதை முகர்ந்து பார்த்தது, எது பயந்து ஒதுங்கியது? பக்கத்திலேயே கட்டியிருந்த கருவிக்கு வெப்பநிலை தெரியும், உப்பின் அளவு தெரியும். யார் வந்து பார்த்தார்கள் என்பது மட்டும் தெரியாது. கடல் ஆராய்ச்சியில் நான் இருந்த கொஞ்ச காலத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான். பிடித்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். தப்பித்துப் போனதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

மதுரைக்காரனுக்குக் கடல் எதற்கு என்று கேட்டால், எங்கள் ஊரில் கடல் பெயரில் தெருவே இருக்கிறது என்பேன். புதுமண்டபத்துக்குக் கிழக்கே எழுகடல் தெரு. காஞ்சனமாலைக்குக் கடலில் நீராட ஆசை, மருமகனோ சொக்கநாதர், ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்துவிட்டார் என்பது திருவிளையாடல் கதை. அந்த ஏழு கடலும் வந்து சேர்ந்ததாகச் சொல்லும் தெப்பக்குளம் இன்று இல்லை, கடைகள் இருக்கின்றன. மீன் கண்ணாள் ஊர், மீன் கொடி ஊர். ஆனால் பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது. தவம் செய்த நாரை ஒன்று அப்படி வரம் கேட்டதாம். சின்ன வயதில் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, நிஜமாகவே ஒன்றுகூட இல்லையா என்று குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். ஒருவேளை அடியில் ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு அப்போதே உண்டு.

விலங்கியல் படிக்கும்போது கல்லூரியிலிருந்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி, கருவேலங்காடு முடிந்து இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிய ஆரம்பித்ததும் பஸ்ஸில் விசில் பறந்தது. மண்டபம் முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் இங்கே வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை நாட்டின் கடல் மீன் ஆராய்ச்சிக்கே தலைநகரம் இந்த மணல்மேடுதான். மதுரையிலிருந்து பஸ்ஸில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ராமேஸ்வரம் போகும் வழியில் ஜன்னலோரத்தில் தூங்கிவிடுவார்கள்.

அங்கே ஆசிரியர் காட்டிய கருவி ஒரு தட்டுக்கூடை, ஒரு மண்வெட்டி. கடல் உள்வாங்கியபோது முழங்கால் சேற்றில் நின்று வாரிப் பார்த்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் குருசடைத் தீவு உயிரியல்காரர்களுக்குக் கோயில் மாதிரி. பாலனோகிளாசஸ் என்ற புழுவைப் பாடப்புத்தகத்தில் படம் போட்டு மனப்பாடம் செய்திருப்பீர்கள். முதுகெலும்பு இல்லாதவைக்கும் உள்ளவைக்கும் இடையிலான உறவைச் சொல்ல அதைத்தான் இழுப்பார்கள். அதன் புகழ்பெற்ற இருப்பிடம் இந்தத் தீவு. அதைக் கையில் எடுத்தால் ஆஸ்பத்திரிக் கட்டு வாடை, அயோடோஃபார்ம் நாற்றம், அடிக்கும். அந்த வாடையை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருத்தனுக்கு மட்டும் ஒரு துண்டு கிடைத்தது. இழுத்தால் அறுந்துவிடும், மீதி சேற்றுக்குள் போய்விடும். தப்பித்துப் போனது என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொடுத்தது அந்தப் புழு.

அப்புறம் ஒரு ஒப்பந்த வேலை கிடைத்து, கொச்சியிலிருந்து கப்பல் ஏறினேன். கப்பலின் பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் புலம்பப் போகிறேன். நம் நாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன். 1976-இல் வந்த கவேஷணி, மண் அள்ளிக் கொட்டப் பயன்படும் படகாகக் கட்டப்பட்டு, பிறகு ஆராய்ச்சிக் கப்பலாக மாற்றப்பட்டது. கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் அதில்தான் காலூன்றியது. 1983-இல் ஜெர்மனியிலிருந்து சாகர் கன்யா, அடுத்த ஆண்டு டென்மார்க்கிலிருந்து மீன்வள ஆய்வுக்கென்று சாகர் சம்பதா. 2008-இல் இத்தாலியிலிருந்து சாகர் நிதி, சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்காக. அது நூறு மீட்டருக்கு மேல் நீளம், பனிக்கட்டி மிதக்கும் கடலிலும் போகும்.

இந்தக் கப்பல்களுக்கு வேகம் பெருமையில்லை, நிற்பதுதான் பெருமை. மூன்று கிலோமீட்டர் கம்பியைக் கீழே விட்டிருக்கும்போது கப்பல் நகர்ந்தால் கம்பி சாய்ந்துவிடும், அறுந்தும் போகலாம். அத்தனை ஆழத்தில் நங்கூரம் பேச்சுக்கே இடமில்லை. அதனால் நவீனக் கப்பல்களில் முன்னும் பின்னும் பக்கவாட்டில் தள்ளும் சுழலிகள் இருக்கின்றன. செயற்கைக்கோள் சொல்லும் இடத்தைப் பார்த்துக் கணினி அவற்றை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். சித்திரைத் தேருக்குச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? வடம் பிடிக்கிற ஆயிரம் பேரையும் மீறி, தேரை வீதிக்குள் நிறுத்துவது அந்த நாலு பேர். அதே வேலைதான்.

‘ஸ்டேஷன்’ என்று கூப்பிட்டதும் டெக்குக்கு ஓட வேண்டும். கடலில் ஒரு புள்ளியைத்தான் ஸ்டேஷன் என்பார்கள். வட்டமான சட்டத்தில் குழாய்போல நீண்ட போத்தல்கள் சுற்றி நிற்கும், நிஸ்கின் போத்தல்கள். நடுவில் சிடிடி: உப்புத்தன்மையை மின்கடத்தல் மூலமாகவும், கூடவே வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் கருவி. இரண்டு பக்கமும் திறந்தபடி இறங்கும் போத்தல்களை, மேலே வரும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடச் சொல்லி மேலிருந்து கட்டளை அனுப்பலாம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விட்டால் 3,000 மீட்டருக்கு இறங்க மட்டும் ஐம்பது நிமிடம். ஏறும்போது நின்று நின்று வரும். கம்பியைச் சுற்றி இறக்கி ஏற்றும் விஞ்சை இயக்கிய தூத்துக்குடி அண்ணன் கம்பியில் ஒரு விரலை வைத்துக்கொண்டே இருப்பார். “மீட்டர் பொய் சொல்லும் தம்பி, கம்பி பொய் சொல்லாது” என்பார். முதல் ஐந்து நாள் நான் வாந்தி எடுத்ததைத் தவிர உருப்படியாக எதையும் செய்யவில்லை. “மருதக்காரருக்கு வைகையில தண்ணி வந்தாலே தலை சுத்தும், இது கடலு” என்று அவர் சொன்னதற்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் எக்கோ சவுண்டர் அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே பார்த்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தண்ணீருக்குள் வெளிச்சம் சீக்கிரம் செத்துவிடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். கப்பலின் அடியிலிருந்து ஒரு ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் தரை எவ்வளவு ஆழம் என்று தெரியும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேட இந்த ஒலியை அனுப்பிய அமெரிக்கக் கடற்படை ஒரு புதிரில் மாட்டியது. ஆழக்கடல் என்று தெரிந்த இடத்தில் சில நூறு மீட்டரிலேயே ‘தரை’ காட்டியது. அந்தத் தரை ராத்திரியானால் மேலே வந்தது, விடிந்தால் கீழே போனது. தரை எப்படி ஏறி இறங்கும்? 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடல் உயிரியலாளர் இது உயிர்களின் நடமாட்டம் என்று காட்டினார். பகலெல்லாம் இருட்டில் ஒளிந்து, பொழுது சாய்ந்ததும் மேலே வந்து மேய்ந்து, விடியுமுன் இறங்கிவிடும் கோடானுகோடிச் சின்ன உயிர்கள். உலகத்திலேயே பெரிய இடப்பெயர்ச்சி இதுதான், தினமும் நடக்கிறது.

திரையில் நீலத்துக்கு நடுவில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை கிடந்தது. ஆறரை மணிக்கு அது நெளிய ஆரம்பித்தது. சாய்ந்து மேலே ஏறியது, ஏறிக்கொண்டே இரண்டாகப் பிரிந்தது. கப்பலுக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை. சமையலறையில் சப்பாத்தி வாசனை. ஜன்னலுக்கு வெளியே கடல் வெறுமையாக, தார் ஊற்றியதுபோல இருந்தது. கீழே ஒரு ஊரே எழுந்து வந்துகொண்டிருந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு விடியற்காலையில் வடகரை முழுக்கத் தலைகளாக நகர்ந்து வருமே, அதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டதுபோல.

அரபிக்கடலில் இந்தக் கூட்டத்துக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. சுமார் 150 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர்வரை ஆக்சிஜன் மிகக் குறைவான ஒரு அடுக்கு அங்கே இருக்கிறது. பெரிய மீன்கள் மூச்சுமுட்டி உள்ளே வராது. விளக்கு மீன்கள், அதாவது உடம்பில் வரிசையாக ஒளிப்புள்ளி வைத்திருக்கும் விரல் நீள மீன்கள், பகலில் போய் அந்த மூச்சுமுட்டலுக்குள்தான் பதுங்கிக்கொள்கின்றன. திருடனுக்குப் பயந்து பரணில் படுக்கிற மாதிரி.

ஆனால் திரையில் தெரிவது மீனா? உண்மையில் அது மீனின் காற்றுப்பை. ஒலியை நன்றாகத் திருப்பியடிப்பது காற்றுதான். 38 கிலோஹெர்ட்ஸில் காற்றுப்பை உள்ள மீன்கள் பளிச்சென்று தெரியும். சின்ன இறால் போன்றவற்றைப் பார்க்க 120 கிலோஹெர்ட்ஸ் போல உயர்ந்த அலை வேண்டும், அது ரொம்ப ஆழம் போகாது. காற்றுப்பையே இல்லாத சுறா மங்கலாகத்தான் தெரியும். நந்தி சுறாவாகி எல்லா வலையையும் ஏமாற்றிக்கொண்டு திரிந்ததாகவும், கடைசியில் சிவனே வலைஞராக வந்து பிடித்ததாகவும் எங்கள் ஊர்க் கதை சொல்கிறது. கதை கட்டியவருக்குச் சுறாவைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

சரி, ஒலி ஏமாற்றினால் வலை இருக்கிறதே? ராத்திரி இரண்டு மணிக்கு ஐசக்ஸ்-கிட் வலை மேலே வரும். கடல் தண்ணீர்க் குழாயால் வலையை அடித்துக் கழுவி, நுனியில் உள்ள வாளியைத் தட்டில் கவிழ்ப்போம். கறுப்பு மீன், சிவப்பு இறால், கண்ணாடிபோல ஏதேதோ. கூடவே ஒரு கைப்பிடி கூழ். அந்தக் கூழ் ஒரு மணி நேரத்துக்கு முன்பு என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொறிமீன், அதைவிட மென்மையான சைபனோபோர் எல்லாம் வலையில் பட்டதும் கரைந்துவிடும். கெட்டியான தோல் உள்ளவைதான் முழுதாக மேலே வரும். வேகமாக நீந்துவது வலையின் வாயைக் கண்டதும் விலகிவிடும். ஆழ்கடலில் கூழ் உடம்புக்காரர்கள் எவ்வளவு அதிகம் என்பதே கேமராவோடும் நீர்மூழ்கியோடும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதுவரை வலைக்கு எது தாங்கியதோ அதுதான் கடல் என்று எழுதிவைத்திருந்தோம்.

கேமராவுக்கும் இதே கதைதான். மோட்டார் இரைச்சலும் வெள்ளை விளக்குமாக ஒரு இயந்திரம் இறங்கினால் கண்ணுள்ளது எதுவும் பக்கத்தில் நிற்காது. நம் தெருவில் நடுராத்திரி ரேடியோ கட்டி, ஃபோகஸ் லைட் போட்டுக்கொண்டு போய், “இங்கே ஆந்தையே இல்லை” என்று எழுதுவதற்குச் சமம். எடித் விடர் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதைத்தான் யோசித்தார். ஆழத்து உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு நிறம் தெரியாது, ஆகவே மோட்டார் இல்லாத கேமராவும் சிவப்பு விளக்கும். கூடவே, தாக்கப்படும் ஒரு சொறிமீன் எழுப்பும் நீல ஒளியைப்போலச் சுற்றிச் சுற்றி மின்னும் பொய்ச் சொறிமீன். 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே அதை இறக்கியபோது, அதுவரை எத்தனையோ பயணங்களுக்கு டிமிக்கி கொடுத்த ராட்சதக் கணவாய் தன் சொந்த ஆழத்தில் உயிரோடு வீடியோவில் பதிவானது. பல கோடி ரூபாய் இயந்திரத்தைவிட, சும்மா விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்ததுதான் வேலை செய்தது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இப்போது வலையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம் என்று ஒரு வழி வந்திருக்கிறது. நிஸ்கின் போத்தல் தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடிகட்டி, அதில் ஒட்டிய டிஎன்ஏவைப் படிப்பது. மீன் போய்விட்டாலும் அதன் வழவழப்பு, கழிவு, உதிர்ந்த செல் தண்ணீரில் கொஞ்ச காலம் இருக்கும். அம்மாவுக்கு இதை விளக்கச் சிரமமே படவில்லை. கரிமேடு மார்க்கெட்டிலிருந்து நான் கொண்டுவரும் மஞ்சள் பையை முகர்ந்தே “நெத்திலி எடுத்தியா? வாளையும் போட்டானா?” என்று கேட்கிறவர். “இதுக்கா கப்பல்?” என்றார். இதிலும் ஒரு சிக்கல்: கிடைத்த டிஎன்ஏ யாருடையது என்று ஒத்துப்பார்க்க முன்பே ஒரு பட்டியல் வேண்டும். அம்மா மூக்குக்கு அறுபது வருடப் பட்டியல் இருக்கிறது. ஆழ்கடலுக்கு அது பாதிகூட எழுதப்படவில்லை.

அந்தப் பட்டியலில்தான் என் புலம்பல் ஆரம்பிக்கிறது. வலையில் வந்ததையெல்லாம் ஃபார்மலினில் போட்டு நான் கப்பலில் கொண்டுவந்த ஜாடிகளைப் பிரித்து, பெயர் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்பது திட்டம். கப்பல் ஓடப் பணம் இருந்தது. ஜாடியைத் திறக்கப் பணம் இல்லை. என் ஒப்பந்தம் முடிந்தது. நாலு வருடம் கழித்து ஒரு வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போனபோது, மாடிப்படிக்குக் கீழே என் கையெழுத்திட்ட ஜாடிகள் வரிசையாக இருந்தன. பாதியில் ஃபார்மலின் வற்றியிருந்தது. லேபிளில் மை ஊறிப்போய், ஸ்டேஷன் எண் மட்டும் தெரிந்தது.

1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய சேலஞ்சர் கப்பல் 1876 மே மாதம் திரும்பியது. கயிற்றை விட்டு ஆழம் பார்த்து, வாரியை இழுத்து, மூன்றரை வருடம். அறிவியலுக்குப் புதிதான ஏறத்தாழ 4,700 உயிரினங்கள் கிடைத்தன என்று எல்லோரும் சொல்வார்கள். ஐம்பது தொகுதி அறிக்கையும் வெளியாகி முடிய 1895 ஆனது, அதாவது ஊர் திரும்பிப் பத்தொன்பது வருடம், என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பத்தொன்பது வருடத்துக்குச் சம்பளம் கொடுத்ததால்தான் அந்த மூன்றரை வருடத்துக்கு அர்த்தம் வந்தது.

இப்போது மத்ஸ்யா-6000 பற்றிப் பேச்சு, ஆளை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலில் இறங்க இந்தியா கட்டும் நீர்மூழ்கி. மூன்று பேர் உட்கார, 2.1 மீட்டர் விட்டத்தில் ஒரு டைட்டானியம் உருண்டை. 6,000 மீட்டர், 600 மடங்கு அழுத்தம் தாங்க வேண்டும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சின் ‘நோட்டீல்’ (Nautile) என்ற நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள், ஒருவர் 5,002 மீட்டர்வரை. செய்தியைப் பார்த்து நானும் கை தட்டினேன். என் டம்ளர் போனதைவிட இரண்டு கிலோமீட்டர் கீழே, உயிரோடு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு! மீன் கொடி ஊர்க்காரனுக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் இருக்குமா? ஆனாலும் அந்த மாடிப்படி ஜாடிகள் நினைவுக்கு வந்தன. ஜன்னலில் தெரிவதற்குப் பெயர் சொல்ல, வகைப்பாட்டியல் படித்த ஆள் வேண்டும். என்னோடு படித்தவர்களில் இன்று அந்த வேலையில் இருப்பவர் ஒருவர்தான். அவரும் மண்டபத்தில்.

கப்பலே இல்லாமலும் புதிது கிடைக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. சீலகாந்த் என்ற மீன் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில், அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர், இழுவைப்படகு கொட்டிய குவியலில் அதைப் பார்த்தார். நம் கடலூர் கரையில் முடசலோடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த ஒரு விலாங்கு இனத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் பெயரையே வைத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கரிமேட்டில் காரல் வாங்கிக்கொண்டிருந்தேன். கூடைக்கு அடியில், கறுப்பாக, ஒரு சாண் நீளத்தில், வாய் மட்டும் பெரிதாக ஒன்று கிடந்தது. என்ன மீன் அக்கா என்று கேட்டேன். “ராமேஸ்வரம் லோடுல வந்துச்சு தம்பி. பேரு தெரியல. அதுக்கு வெலையில்ல, பூனைக்குப் போடுறதுன்னா எடுத்துக்கங்க.” எடுத்துவந்து, துடுப்பு முள்ளை மூன்று முறை எண்ணி, படம் எடுத்து மண்டபத்து நண்பனுக்கு அனுப்பினேன். “படத்துல தெரியலடா, ஆளையே அனுப்பு” என்று பதில் வந்தது. இப்போது அது ஃப்ரீசரில், இட்லி மாவு வைக்கும் இடத்தில் இருக்கிறது. புதன்கிழமைக்குள் அதை எடுக்காவிட்டால் பூனைக்குத்தான் என்று வீட்டில் கெடு கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஐஸ் உருகாமல் கொண்டுபோக ஒரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய தெர்மாகோல் பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.